குருத்தணுவை நெறிப்படுத்தும் மெல்லொளி

உயிருடலின் ஆக்கத்தை ஆராய்வோர் உயிரணுக்களை இருபெரும் பிரிவாகக் கொள்வர். தன் தொழில் இன்னதென்று முடிவாகி, அத்தொழிலையே வாழ்நாள் முழுதும் ஆற்றி அழியும் அணுக்கள் ஒரு வகை. தொழில் இன்னும் முடிவாகாமல், தன்னையொத்த மற்றோர் அணுவைப் பிறப்பிக்கவும், வேண்டும்போது தொழில் பூண்ட அணுவாக மாறவும் திறன் பெற்று நிற்பவை மற்றொரு வகை. பின்னதையே குருத்தணு என்கிறோம். முதற்பண்பைத் தன்பெருக்கம் என்றும், இரண்டாம் பண்பை உருத்தெளிவு என்றும் இக்கட்டுரையில் வழங்குவேன். இவ்விரண்டும் ஒருங்கே அமையாத அணு, எத்துணை விரைவாகப் பெருகினும் குருத்தணு ஆகாது. புற்றணுவும் விரைந்துதான் பெருகுகிறது.

குருத்தணுக்களுள்ளும் படிநிலை உண்டு. கருவுற்ற முட்டை, முழு உடலையும் அதனைத் தாங்கும் நச்சுக்கொடியையும் ஆக்கவல்லது; அது முழுவாக்கத் திறனுடையது. கருவின் தொடக்க நாள்களில் உள்ளே திரளும் அணுக்கள் உடலின் எவ்வுறுப்பாகவும் மாறவல்லன. அவை பல்லாக்கத் திறனுடையன. வளர்ந்த உடலில் எஞ்சியிருப்பவையோ சிலவாக்கத் திறனுடையன. எலும்பு மச்சையின் குருத்தணு குருதியின் பல்வகை அணுக்களைத் தரும். கொழுப்பிலுள்ளது எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் கொழுப்பாகவும் தெளியும். பல்லின் நடுவே உள்ள மென்கூழிலும் குருத்தணுக்கள் உள்ளன என்பது 2000ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. விழும் பாற்பல்லிலும் அவை உயிரோடு இருப்பது 2003இல் காட்டப்பட்டது. சாணியில் பொதிந்து கூரைமேல் நாம் எறிந்துவிடும் அச்சிறு பல்லுக்குள், ஆய்வகத்தில் பெருக்கத்தக்க அணுக்கள் சில நாழிகை உயிர்த்திருக்கின்றன.

குருத்தணு தானே ஒரு வழியைத் தேர்வதில்லை. சூழல் அதனை ஒரு வழியில் செலுத்துகிறது. அச்சூழலை மாந்தர் மாற்றியமைக்கும் வழிகளை நான்காக வகுக்கலாம். வளர்ச்சியூக்கிகளாகிய புரதங்களை ஊட்டுவது முதலாவது. இதுவே பழையதும் பெரிதும் வழங்குவதும் ஆகும். மரபணுவைப் புகுத்துவது இரண்டாவது. பாலாறு தொட்டுச் செல்லும் வேலூரில், கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் மச்சை மாற்று மருத்துவம் நடந்துவருகிறது. அங்கே குருதியுறையாமை நோயாளர் ஐவரின் குருத்தணுக்களில், உறைதற்கு வேண்டிய புரதத்தின் மரபணுவைச் சேர்த்து மீண்டும் உடலில் செலுத்திய ஆய்வு 2024இல் வெளியாயிற்று. அணு அமரும் தளத்தின் விறைப்பை மாற்றுவது மூன்றாவது. மென்தளத்தில் நரம்பணுவின் சாயலையும், சற்று விறைத்த தளத்தில் தசையணுவின் சாயலையும், கடுந்தளத்தில் எலும்பணுவின் சாயலையும் ஒரே குருத்தணு மேற்கொள்வதை 2006இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நான்காவதே ஈண்டு நாம் விரித்துரைக்கப் புகும் ஒளி. முதல் மூன்றிலும் அணுவோடு ஒரு பொருளைச் சேர்க்க வேண்டும், அல்லது அணுவை ஒரு பொருள்மேல் அமர்த்த வேண்டும். ஒளியோ தொட்டுச் சென்றபின் எப்பொருளையும் விட்டுச் செல்வதில்லை. இதுவே அதன் தனிச்சிறப்பு, அதன்மீது ஐயம் எழுவதற்கும் இதுவே இடம்.

லேசர் எனப்படும் சீரொளியை முதலில் வரையறுப்போம். ஒரே அலைநீளம் உடையதாய், அலைகள் ஒன்றோடொன்று அடியொத்துச் செல்வதாய், பரந்து சிதறாது ஒரு திசையில் விரைவதாய் உள்ள ஒளியே சீரொளி. கிளர்ந்த பொருளணுவை ஓர் ஒளித்துகள் தூண்டினால் அதனையொத்த இன்னொரு துகள் பிறக்கும் என்று ஐன்சுடைன் 1917இல் கணித்தார். அக்கணிப்பின்வழி, செந்நிறக் கெம்புக்கல் கொண்டு 1960 மே 16ஆம் நாள் முதற்சீரொளியைப் பிறப்பித்தவர் அமெரிக்கர் தியோடர் மைமன். அதன்பின் சீரொளி இரு கிளையாயிற்று. அறுப்பதும் எரிப்பதும் துளைப்பதும் ஒரு கிளையின் தொழில். மராட்டியத்தில் பிறந்த சந்திரகுமார் பட்டேல் 1964இல் ஆக்கிய கரியமிலவளிச் சீரொளி இக்கிளையைச் சார்ந்தது. எரிக்காமல், சூடேற்றாமல், அணுவின் உள்வினையை மட்டும் தொட்டு மாற்றுவது மற்றொரு கிளை. இதனை மெல்லாற்றல் சீரொளி என்பர். இவ்வினை முழுமைக்கும் இன்று அறிஞருலகில் வழங்கும் பெயரை ஒளியுயிர்ப் பண்பேற்றம் என்று தமிழில் தருதல் தகும். பண்பேற்றம் என்னும் சொல் நம் இயற்பியல் பாடநூல்களில் முன்பே வேரூன்றிய சொல்.

மெல்லாற்றல் என்பது எத்துணை மென்மை? காஞ்சியின் தென்னெல்லையில், வந்தவாசிச் சாலை பாலாற்றைக் கடக்கும் செவிலிமேட்டில், முகிலற்ற நாளின் உச்சிவேளையில் நின்றால், நம் கையில் ஒரு சதுரச் செண்டிமீட்டர் பரப்பின்மீது ஏறத்தாழ 100 மில்லிவாட்டு ஞாயிற்றொளி விழுகிறது. குருத்தணு ஆய்வுகளில் வழங்கும் சீரொளி, அதே பரப்பில் 10 மில்லிவாட்டு அளவிலும் இருக்கக் காணலாம். அதாவது உச்சிவெயிலில் பத்திலொரு பங்கு. அவ்வொளியை 300 நொடி செலுத்தினால் அப்பரப்பு பெறும் ஆற்றல் 3 ஜூல். அவ்வாறாயின் வெயிலில் நின்றாலே போதாதா என்னும் வினா எழும். போதாது. வெயிலின் ஆற்றல் புறவூதா முதல் வெப்பக்கதிர் வரை எண்ணற்ற அலைநீளங்களில் பரந்து கிடக்கிறது. அவற்றுள் ஒன்று ஆக்கும்போது மற்றொன்று சிதைக்கிறது. சீரொளியோ 810 நானோமீட்டர் என்றால் 810ஐயொட்டிய குறுகிய பட்டையில் மட்டுமே தன் ஆற்றல் முழுதையும் கொண்டது.

ஒளி வேதியியலின் முதல் நெறி ஒன்றுண்டு: ஒரு பொருள் உட்கொண்ட ஒளியே அதில் வினை நிகழ்த்தும், ஊடுருவிப் போன ஒளியும் மோதித் திரும்பிய ஒளியும் எவ்வினையும் நிகழ்த்தா. செவிலிமேட்டு நெசவாளர் இந்நெறியைப் பெயரறியாமலே கையாள்பவர். சாயமேற்றிய பட்டுநூலை வெயிலில் நெடுநேரம் காயவிடாமல் நிழலில் உலர்த்துவது, சாயத்தின் மூலக்கூறு ஒளியை உட்கொண்டு சிதைவதால்தான். சாயமேறாத வெள்ளைநூல் அவ்வாறு நிறமிழக்க இடமில்லை. உடலிலும் ஒளியை உட்கொள்ளும் பொருள்கள் உள்ளன. குருதியின் செந்நிறப் பொருளும் தோலின் கருநிறப் பொருளும் குற்றலைநீள ஒளியைப் பெரிதும் பறித்துக்கொள்கின்றன. மிக நெட்டலைநீள ஒளியை நீர் பறித்துக்கொள்கிறது. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 650 முதல் 950 நானோமீட்டர் வரை ஒரு திறப்பு எஞ்சுகிறது. சிவப்பும் அண்மை அகச்சிவப்பும் ஆகிய அவ்வொளி, தோலைக் கடந்து சில மில்லிமீட்டர் ஆழம் செல்லும். இருளில் கைவிளக்கின்மீது உள்ளங்கையைப் பொத்திப் பிடித்தால் விரலிடுக்குகள் செக்கச்செவேலென ஒளிர்வது இத்திறப்பினால்தான்.

இன்னுமொரு கணக்கு இவ்வொளியின் இயல்பைத் தெளிவாக்கும். 810 நானோமீட்டர் ஒளித்துகள் ஒன்றின் ஆற்றல் 1.53 எலக்ட்ரான் வோல்ட்டு. கரிமத்தோடு கரிமம் பிணைந்த பிணைப்பை அறுக்க அதனினும் இருமடங்கிற்கு மேல் வேண்டும். எனவே இவ்வொளி மரபுப்பொருளை அறுப்பதில்லை. நுண்ணுயிர் கொல்லும் 254 நானோமீட்டர்ப் புறவூதாவின் துகளோ 4.88 எலக்ட்ரான் வோல்ட்டு சுமந்து வருவதால் சிதைக்கிறது. மெல்லொளி பிணைப்பை அறுப்பதற்கு மாறாக, சில தனிப்பட்ட மூலக்கூறுகளில் எலக்ட்ரானின் நிலையைச் சற்றே உயர்த்துகிறது. மேற்சொன்ன 3 ஜூலில் உள்ள துகள்களின் எண்ணிக்கை, ஒன்றின்பின் பத்தொன்பது சுழியம் இட்ட எண்ணையும் விஞ்சும். அவற்றுள் உரிய மூலக்கூற்றைச் சென்றடைபவை மிகச் சிறிய பங்கே ஆயினும் வினைக்கு அது போதும்.

அம்மூலக்கூறு எது? உருசிய அறிஞர் தீனா காரு, அணுவின் ஆற்றற்களமாகிய இழைமணியில் உள்ள ஒரு நொதியைச் சுட்டினார். சைட்டோகுரோம் சி ஆக்சிடேசு என்னும் அந்நொதி செம்பும் இரும்பும் தாங்கியது. நாம் உள்ளிழுக்கும் உயிர்வளி இறுதியாக நீராக மாறுவது அதன் மடியில்தான். சிவப்பொளியை உட்கொண்டு அது விரைந்து செயற்பட, அணுவின் ஆற்றல் இருப்பு கூடுகிறது என்பது அவர் கொள்கை. இக்கொள்கை நெடுநாள் ஐயமற்றதாக நூல்களில் எழுதப்பட்டுவந்தது. ஆயின் அந்நொதியே இல்லாத அணுக்களும் 660 நானோமீட்டர் ஒளியில் பெருகக் கண்டதாக 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆகவே அந்நொதி ஒரு வாயில். ஒரே வாயில் என்று கூறுவதற்கில்லை. ஒரு துறை தன் முதற்கொள்கையைத் தானே மறுத்து ஆராய்வது அதன் நலத்திற்கு அறிகுறி என்றே நான் கொள்கிறேன்.

இத்துறையின் தொடக்கம் எதிர்பாராத ஒன்று. அங்கேரி நாட்டுப் புடாபெசுட்டு நகரில், எந்திரே மெசுட்டர் என்னும் அறுவை மருத்துவர், சீரொளிக்கும் புற்றுக்கும் உள்ள தொடர்பை அறியும் நோக்கில் சுண்டெலிகளின் முதுகு மயிரை மழித்து, கெம்புக்கல் சீரொளியைச் செலுத்தினார். அவர் கருவி ஆற்றல் குறைந்தது. புற்றைப் பற்றி அது பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒளிபட்ட எலிகளுக்கு மயிர் விரைந்து முளைத்தது. 1967இல் நிகழ்ந்த இந்நிகழ்வினின்றே மெல்லாற்றல் சீரொளி மருத்துவம் பிறந்தது. பிறந்த முறையே அதற்குப் பழியும் ஆயிற்று: விளைவு தெரிந்தது, வழி தெரியவில்லை. வழி தெரியாத விளைவை விற்பவர் எளிதில் பெருகுவர். நம்புபவர் அதனினும் எளிதில் பெருகுவர். அரை நூற்றாண்டுக் காலம் இத்துறை அறிஞரவையின் திண்ணையிலேயே அமர்ந்திருந்தது.

அதனை உள்ளழைத்த ஆய்வுகளுள் ஒன்று, பல்லைப் பற்றியது. இந்தியாவினின்று சென்ற பல் மருத்துவ அறிஞர் பிரவீன் அரனி, ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் மூனியோடும் பிறரோடும் செய்து 2014 மே மாதத்தில் வெளியிட்ட அவ்வாய்வைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும்.

பல்லின் மேற்பகுதி மூன்று அடுக்கால் ஆயது. புறத்தே பளிங்குபோல் மின்னுவது பற்சிப்பி. அதனுள்ளே பல்லின் பெரும்பகுதியாய் அமைந்த, சற்று மஞ்சள் தோய்ந்த வன்பொருளைப் பற்காழ் என்போம். நடுவே நரம்பும் குருதிக் குழலும் குருத்தணுவும் பொதிந்த பற்கூழ். பற்சிப்பியை ஆக்கும் அணுக்கள் பல் முளைத்தவுடன் ஒழிந்துவிடுவதால் இழந்த சிப்பி மீளாது. பற்காழை ஆக்கும் அணுக்களோ கூழின் ஓரத்தில் வாழ்நாள் முழுதும் நிற்கின்றன. அவை அழிந்தாலும் கூழின் குருத்தணுக்கள் அவ்விடத்தை நிரப்பக்கூடும். ஆகவே குருத்தணுவை உருத்தெளிவுக்குத் தூண்ட முடியுமா என்பதைச் சோதிக்கப் பல்லினும் சிறந்த களம் அரிது.

அரனியின் குழுவினர் எலிகளின் கடைவாய்ப் பற்களில் நுண்துளையிட்டு, கூழை வெளிப்படுத்தி, அதன்மீது மெல்லாற்றல் அண்மை அகச்சிவப்புச் சீரொளியைச் செலுத்தி, மேலே தற்காலிக மூடியிட்டு அடைத்தனர். எலியின் கடைவாய்ப்பல் எத்துணைச் சிறிதென்று எண்ணிப் பார்த்தால், அதில் கூழைக் கிழிக்காமல் துளையிடும் கைத்திறனே தனிக்கலை. ஏறத்தாழ 12 கிழமை கழித்து ஊடுகதிர்ப் படமும் நுண்ணோக்கியும் கொண்டு நோக்கியபோது, ஒளிபட்ட பற்களில் புதுப் பற்காழ் மிகுந்திருந்தது. அது இயல்பான பற்காழின் பொருட்சேர்மானமே கொண்டது. ஆயினும் அமைப்பொழுங்கில் சற்று வேறுபட்டிருந்தது. இவ்வேறுபாட்டை அவர்கள் மறைக்காமல் எழுதினர்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அதுவும் மெசுட்டரின் மயிர்முளைப்புப் போன்றதொரு விளைவுச்செய்தியாகவே முடிந்திருக்கும். அவர்கள் வழியைத் தேடினர். உடலெங்கும் உருமாற்ற வளர்ச்சியூக்கி பீட்டா-1 என்னும் புரதம் பரவிக் கிடக்கிறது. குருத்தணுவைப் பற்காழாக்கும் அணுவாகத் தெளியச் செய்ய வல்லது அது. ஆயின் அது உறங்குநிலையில் கிடக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையின் கையைத் தாய் இறுகப் பற்றியிருப்பதுபோல், துணைப்புரதம் ஒன்று அதனைச் சுற்றிப் பற்றியிருக்கிறது. பிடி தளர்ந்தாலன்றி ஊக்கி செயற்படாது. ஒளி இப்பிடியைத் தளர்த்துகிறது என்பதே அவர்களின் கண்டுபிடிப்பு. ஒளி பட்டதும் நொடிப்பொழுதில் வினைமிகு உயிர்வளி மூலக்கூறுகள் தோன்றுகின்றன; அவை அத்துணைப்புரதத்தில் 253ஆம் இடத்தில் உள்ள மெத்தியோனின் என்னும் கந்தகம் தாங்கிய அமினோ அமிலத்தைத் தாக்குகின்றன; புரதத்தின் மடிப்பு குலைகிறது; ஊக்கி விடுபடுகிறது; குருத்தணு பற்காழாக்கும் தொழிலைப் பூணுகிறது.

சங்கிலியின் கண்ணி ஒவ்வொன்றையும் அவர்கள் தனித்தனியே அறுத்துப் பார்த்தமையே இவ்வாய்வின் அழகு. வினைமிகு உயிர்வளியை விழுங்கும் பொருளைச் சேர்த்தபோது ஒளியின் பயன் அற்றது. 253ஆம் இடத்து மெத்தியோனினை மாற்றியமைத்த புரதம் ஒளிக்கு இணங்கவில்லை. ஊக்கியின் செய்தியை வாங்கும் ஏற்பி, பற்காழாக்கும் அணுக்களில் இல்லாதவாறு ஆக்கப்பட்ட சுண்டெலிகளில் ஒளி வீணாயிற்று. ஆகவே ஒளி குருத்தணுவுக்கு ‘நீ பல்லாகு’ என்று கட்டளை இடவில்லை. அவ்விடத்தில் முன்பே கிடந்து உறங்கிய செய்தியை எழுப்பியது, அவ்வளவே. ஊக்கி இல்லாத இடத்திலும் குருத்தணு இல்லாத இடத்திலும் ஒளி எவ்வளவு பாய்ந்தாலும் பல் முளைக்காது. ‘சீரொளியால் பல் முளைக்கும்’ என்று அன்று எழுதிய நாளேடுகள் இதனை விட்டுவிட்டன.

நிறத்தை மாற்றினால் வழியும் மாறுகிறது. மாந்தர் கொழுப்பினின்று எடுத்த குருத்தணுக்களை 420, 540, 660, 810 நானோமீட்டர் என நான்கு ஒளியில் வைத்து ஆராய்ந்த முடிவுகளை மைக்கேல் ஆம்பிளினின் குழுவினர் 2016இல் வெளியிட்டனர். எலும்பணுவாகத் தெளியச் செய்வதில் நீலமும் பச்சையும், சிவப்பையும் அகச்சிவப்பையும் விஞ்சின. நீலமும் பச்சையும் அணுவின் சவ்விலுள்ள ஒளியுணர் வாயில்களைத் திறந்து கால்சியத்தை உள்ளே பெருகவிடுகின்றன. அப்பெருக்கமே உருத்தெளிவின் தூண்டுகோல். ஆயின் இத்திறன் வாய்ந்த நீலமும் பச்சையும் குருதியால் பறிக்கப்பட்டு, உடலுள் ஆழச் செல்லாதவை. ஆழச் செல்லும் சிவப்போ பெருக்கத்தையே மிகுதியும் தூண்டுவது. கிண்ணத்தில் வெல்வது உடலுள் தோற்பது இத்துறையில் அடிக்கடி நேர்கிறது. தென்னாப்பிரிக்கச் சோகன்னசுபர்கு பல்கலைக்கழகத்தில் ஐடி ஆபிரகாம்சேவின் ஆய்வகம், ஒளியை மட்டும் நம்பாமல் வளர்ச்சியூக்கியையும் உடன் சேர்த்துக் கொழுப்புக் குருத்தணுவைத் தசைபோலவும் நரம்புபோலவும் தெளிவிக்க முயல்வது இதனாற்றான். எனக்கும் அதுவே நேரிய வழியாகத் தோன்றுகிறது.

இனி அளவு. இத்துறை முழுதும் ஓர் அளவு நெறியின்மேல் நிற்கிறது: சிற்றளவு தூண்டும், பேரளவு ஒடுக்கும். மேலே கண்ட வினைமிகு உயிர்வளியையே எடுத்துக்கொள்க. சிறிது தோன்றினால் அது செய்தி. மிகுந்தால் அது நஞ்சு. ஆகவே 3 ஜூல் நன்மை செய்தது என்பதால் 30 ஜூல் பத்து மடங்கு நன்மை செய்யும் என்று கொள்ளல் ஆகாது, விளைவே தலைகீழாகலாம். அதே 3 ஜூலை ஒரு நொடியில் கொட்டுவதும் ஐந்து நிமையத்தில் பெய்வதும் ஒன்றல்ல. அலைநீளம், ஆற்றற்செறிவு, நேரம், பரப்பு, திரும்பச் செலுத்தும் இடைவெளி ஆகிய ஐந்தும் குறிக்கப்படாத ஓர் ஒளிமருத்துவச் செய்தி, உப்பு எவ்வளவு என்று சொல்லாத சமையற்குறிப்பினும் பயனற்றது. ஒளி சீரொளியாகவே இருத்தல் வேண்டுமா என்பதிலும் வேறுபாடு உண்டு. தசைக்குள் சில மில்லிமீட்டர் சென்றதும் ஒளி சிதறி அடியொப்பை இழக்கிறது. எனவே அதே அலைநீளம் தரும் ஒளியுமிழ் இருமுனைய விளக்கும் பல இடங்களில் அதே பயனைத் தருகிறது, விலையும் குறைவு.

மருத்துவமனையில் இவ்வொளி இன்று எங்கே நிற்கிறது? தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர்மருத்துவம் பெறுவோரின் வாயில் தோன்றும் கொடிய புண்ணைத் தடுக்க மெல்லாற்றல் ஒளியைப் பன்னாட்டுப் புற்றுநோய்த் துணைமருத்துவ அமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பரிந்துரைத்தது. செவிலிமேட்டிற்கு அணித்தே காரைப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை அமைந்த இவ்வட்டாரத்தில், அப்புண் உணவையும் பேச்சையும் எவ்வாறு பறிக்கும் என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை. இஃது ஒளியின் பயன். குருத்தணு மருத்துவம் என்னும் பெயருக்கு இன்னும் உரியதன்று. குருத்தணுவைப் பொறுத்தவரை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித்தொழில்நுட்பத் துறையும் 2017இல் வகுத்த நாட்டு நெறிமுறை ஐயத்திற்கு இடமின்றிக் கூறுகிறது: குருதிக் குருத்தணுவை உரிய நோய்களுக்கு மாற்றுவது ஒன்றே ஒப்பிய மருத்துவம், ஏனைய யாவும் ஆய்வின் பெயரால், இசைவு பெற்று நடைபெற வேண்டியவை. மூட்டுவலிக்கும் முடியுதிர்வுக்கும் ‘லேசர் ஸ்டெம்செல்’ என்று பலகை மாட்டிப் பணம் கேட்பவரிடம் இந்நெறிமுறையைச் சுட்டிக் கேட்கும் உரிமை எவருக்கும் உண்டு.

செவிலிமேட்டின் கைத்தொழிலுக்கும் இவ்வறிவியலுக்கும் உண்மையான ஓர் இணைப்பு உண்டு, அது பட்டே. பட்டுப்பூச்சி நூற்கும் இழையில் இரு புரதங்கள் உள்ளன. உள்ளே வலிய நார்ப்புரதம். அதனைச் சூழ்ந்து பசைப்புரதம். தறியேறுமுன் நூலைச் சோப்பும் சோடாவும் இட்ட நீரில் அவித்துப் பசை நீக்குவது காஞ்சிச் சாயப்பட்டறையின் முதல் வேலை. நூலின் எடையில் ஏறத்தாழ கால்பங்கு அவ்வவியலில் கரைந்து போகும். திசுவாக்க ஆய்வகமும் இதே வேலையைத்தான் முதலில் செய்கிறது: பட்டுக்கூட்டைச் சலவைச்சோடா கரைந்த கொதிநீரில் அரைமணி நேரம் அவித்துப் பசையை அகற்றுகிறது. பின்னர் எஞ்சிய நார்ப்புரதத்தை இலித்தியம் புரோமைடின் செறிந்த கரைசலில் கரைத்து, உப்பைச் சவ்வூடு பிரித்து நீக்கி, படலமாகவும் கடற்பஞ்சு போன்ற நுண்துளைத் திரளாகவும் வார்க்கிறது. குருத்தணுக்கள் ஏறி நின்று வளர்வதற்கு உடல் ஏற்கும் சாரமாக அது பயன்படுகிறது. நம் நாட்டில் கரக்பூர், குவகாத்தித் தொழில்நுட்பக் கழகங்களில் பட்டுச்சாரம் பற்றிய ஆய்வுகள் பல நடந்துள்ளன.

இச்சாரத்தின்மேல் அமர்ந்த குருத்தணுவுக்கு ஒளியூட்டுவதில் ஒரு நுட்பம் உள்ளது. நார்ப்புரதப் படலம் கண்ணாடிபோல் தெளிந்தது. கட்புலனாகும் ஒளியில் பெரும்பகுதியைத் தடையின்றி விடுவது. அதன்மீது ஒற்றையடுக்காகப் படர்ந்த அணுக்கள் யாவும் ஒரே அளவு ஒளி பெறும். நுண்துளைத் திரளோ வெண்மையாகத் தோன்றுவது. வெண்மை என்பதே ஒளியைச் சிதறடிப்பதன் அடையாளம். அதன் மேற்புறத்து அணு 3 ஜூல் பெறும்போது நடுவிலுள்ள அணு அதில் ஒரு சிறு பங்கையே பெறும். நடுவிலுள்ளதற்கு 3 ஜூல் சேர்க்க முயன்றால் மேற்புறத்து அணு ஒடுக்கும் அளவைத் தொட்டுவிடும். பெயரளவில் ஒரே செய்முறையாயினும் ஒரே திரளுக்குள் அடுக்குதோறும் வெவ்வேறு செய்முறை நிகழ்கிறது. எலும்பும் குருத்தெலும்பும் ஆக்குவதற்குப் படலம் போதாது, திரளே வேண்டும். எனவே ஒளியை மேலிருந்து மட்டும் பாய்ச்சாமல், நுண்ணிய ஒளியிழைகளைச் சாரத்தின் உள்ளேயே செலுத்தி, அடுக்குதோறும் பெற்ற ஒளியை அளந்து குறிப்பதே அடுத்துச் செய்யத்தக்க வேலை.